பதினேழாம் எண் ஆட்டக்காரி

போன மாதம் ஒரு போன் வந்தது. பதினேழு வயதுக்கு உட்பட்ட இந்தியப் பெண்கள் கால்பந்து அணிக்கு இப்போது மேலாளராக இருக்கும் பெண் பேசினாள். அணி தொடங்கிய நாளிலிருந்து ஆடிய ஆட்டங்கள், ஆடிய பிள்ளைகள், அடித்த கோல்கள் எல்லாவற்றையும் திரட்டி அணியின் வரலாறு என்று இணையத்தில் போடும் வேலை அவள் தலையில் விழுந்திருக்கிறது. “ஒரே ஒரு ஆட்டத்துக்கு நேரே மட்டும் ‘திருத்தப்பட்டது’ என்று இருக்கிறது மேடம். எதற்காகத் திருத்தினார்கள் என்று கோப்பில் இல்லை. அப்போது நீங்கள்தானே மேலாளர்?” என்று கேட்டாள்.

நான்தான். போனில் பாதிதான் சொன்னேன். மீதியை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இந்த வேலைக்கு இனி வரப்போகிறவர்களுக்கு உதவும். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எந்த நாட்டில் எந்தப் போட்டி என்பதைச் சொல்லப்போவதில்லை.

நான் ராஜபாளையத்துக்காரி. அப்பா நூற்பாலைத் தொழிலாளி. ஆலைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் பையன்களோடு பந்து உதைத்து வளர்ந்தேன். மாவட்ட அணி, மாநில அணி, அதை வைத்து ஓர் அரசு நிறுவனத்தில் குமாஸ்தா வேலை. இருபத்தாறு வயதில் முழங்கால் போனது. ஆட முடியாதவளை விளையாட்டுப் பிரிவில் உட்காரவைத்து வீராங்கனைகளின் பதிவுத்தாள்களை எழுதச் சொன்னார்கள். ஒரு நாள் தேசியக் கூட்டமைப்பிலிருந்து கடிதம் வந்தது. சிறுமிகள் அணிக்குக் கூடவே பயணம் போக ஒரு பெண் வேண்டுமாம். பெட்டியைக் கட்டினேன். பதினோரு வருஷம் அந்த அணியோடு சுற்றினேன்.

ஆரம்பத்தில் அது அணி மாதிரியே இருக்காது. போட்டிக்கு ஒரு மாதம் முன்னால் பிள்ளைகளைக் கூட்டுவார்கள். போட்டி முடிந்ததும் ஆளுக்கொரு ரயிலில் ஏற்றிவிடுவார்கள். அடுத்த போட்டிவரை அணி என்று ஒன்று கிடையாது. முதல் பயணத்தில் ஜெர்சியெல்லாம் பையன்கள் அளவு. மணிப்பூர்ப் பிள்ளை ஒருத்திக்கு அது முழங்காலைத் தொட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனையையும் பிடித்துத் தைத்தேன். யார் எப்போது ஆடினார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பிறகுதான் தங்கிப் பயிற்சி, சத்துணவு நிபுணர், உடற்பயிற்சி நிபுணர், கணினிப் பதிவு எல்லாம் வந்தன.

மேலாளரின் வேலை முழுக்கப் பெயரும் எண்ணும்தான். ஆட்டம் தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஆட்டக்காரர் பட்டியலை ஒப்படைக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே பெயர், பக்கத்தில் ஜெர்சி எண். பிறகு ஆட்ட ஆணையர் உடைமாற்றும் அறை வாசலுக்கு வந்து ஒவ்வொரு பாஸ்போர்ட்டையும் விரித்து முகத்தோடு ஒப்பிடுவார். மூக்குத்தி, கொலுசு, கோயில் கயிறு எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்றினால் அதற்கு ஒரு சீட்டு. ஆட்டம் முடிந்ததும் அச்சிட்ட அறிக்கை வரும்: யார் ஆடினார்கள், யார் உள்ளே வந்தார்கள், யார் கோல் அடித்தார்கள். அதைப் படித்து, தப்பு இருந்தால் சொல்லி, இல்லாவிட்டால் தலைமைப் பயிற்சியாளரிடம் கையெழுத்து வாங்கித் தர வேண்டும். கையெழுத்துப் போட்டபின் தப்பு தெரிந்தால் மறுநாளைக்குள் எழுதிக் கொடுக்கலாம். அதற்கப்புறம் அந்தக் காகிதம் சொல்வதுதான் நடந்தது.

எங்கள் தலைமைப் பயிற்சியாளர் கோவாக்காரர். பிரகன்ஸா சார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தத் தாளை நீட்டினாலும் கையில் வாங்கமாட்டார். “படி” என்பார். நான் ஒவ்வொரு பெயராக வாசிப்பேன். ஒவ்வொரு பெயருக்கும் அவர் தலையைத் திருப்பி அந்தப் பிள்ளையைத் தேடிப் பார்ப்பார். அவள் கழிப்பறைக்குப் போயிருந்தால் வரும்வரை அடுத்த பெயருக்குப் போகவிடமாட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுப்பார். முதல் வருஷம் எனக்கு எரிச்சலாக வரும். இரண்டாம் வருஷத்தில் அப்படிப் படித்ததில்தான் ஒரு பிள்ளையின் எண் மாறியிருந்ததைக் கண்டுபிடித்தோம். அதற்கப்புறம் எரிச்சல் வரவில்லை.

நம் பக்கத்துப் பிள்ளைகள் அணிக்கு வந்தால் எனக்குப் பெயரில்தான் தொல்லை. நமக்கு இருப்பது ஒரு பெயரும் இனிஷியலாக ஓர் எழுத்தும். பாஸ்போர்ட் விண்ணப்பமோ குடும்பப் பெயர் கேட்கும். அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிடுவோம். வெளிநாட்டுக்காரர்கள் அந்தப் பெயரைத்தான் கூப்பிடுவார்கள், ஜெர்சி முதுகிலும் அதுதான் அச்சாகும். ஒரு வருஷம் நம் மாவட்டத்திலிருந்து இரண்டு பேர் தேர்வானார்கள். சேத்தூர் முத்துமாரி, ஸ்ரீவில்லிபுத்தூர் மகேஸ்வரி. இரண்டு பேருடைய அப்பா பெயரும் கருப்பசாமி. மகேஸ்வரி ஏழாம் எண், முதல் பதினொருவரில் நிரந்தரமாக ஆடுகிறவள். முத்துமாரி பதினேழாம் எண், பெஞ்சில் உட்காருகிறவள். இரண்டு முதுகிலும் கருப்பசாமி.

“அப்பனைக் கூப்பிட்ட மாதிரி இருக்கு மேடம். திரும்பவே கூச்சமா இருக்கு” என்பாள் முத்துமாரி.

தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் அது. சமனில் முடிந்தால் நாங்கள் வெளியே. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. இரண்டாம் பாதியில் எங்கள் கோல்கீப்பர் ஒரு மோதலில் விழுந்து தோள் எலும்பு முறிந்தது; அவளை வெளியே தூக்கிக்கொண்டு போனோம். மாற்றுக் கோல்கீப்பர் இறங்கினாள். கடைசியில் ஒரே ஒரு மாற்றம் மிச்சமிருந்தது. பிரகன்ஸா சார் பெஞ்சைப் பார்த்தார். “முத்துமாரி” என்றார்.

அவள் நாட்டுக்காக மைதானத்தில் இறங்கியது அன்றுதான் முதல் தடவை. நான் சீட்டு எழுதிக் கொடுத்தேன், பதினேழு உள்ளே. போன ஆட்டத்துக்கு முன்பே அவள் ஜெர்சி முதுகில் 17-இன் ‘1’ ஓரம் பிரிந்திருந்தது. விடுதி இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி ஒட்டிவைத்திருந்தேன். மழையில் அது பிய்ந்து விழுந்துவிட்டது. அவள் ஓடிய வேகத்தில் யாரும் கவனிக்கவில்லை. மகேஸ்வரி இடது ஓரத்திலிருந்து பந்தைக் குறுக்கே அனுப்பினாள். முத்துமாரி அதை நிறுத்தக்கூட இல்லை, வந்த வேகத்திலேயே உதைத்தாள். வலை ஆடியதைப் பார்த்தேன். பிரகன்ஸா சார் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் அறைக்குள் ஒரே கூச்சல், அழுகை. வெளியே ஆம்புலன்ஸ் நிற்கிறது. கோல்கீப்பர் பிள்ளை வலியில் என் கையை விடமாட்டேன் என்கிறாள். அந்த நேரத்தில் அறிக்கையை நீட்டினார்கள். அறிக்கையை அச்சிட்ட அந்த ஊர்க் கணினி ஆளுக்குக் கருப்பசாமி என்றால் ஒரே ஆள். ஏற்கெனவே களத்தில் இருக்கும் கருப்பசாமி எப்படி மறுபடி உள்ளே வருவாள் என்று அந்த மாற்றத்தையே எடுத்துவிட்டிருக்கிறான். முதுகில் ஏழு தெரிந்ததால் கோலையும் ஏழாம் எண்ணுக்குப் போட்டுவிட்டான். நான் அதைப் பார்க்கவில்லை. தாளை மடித்துப் பிரகன்ஸா சாரிடம் கொடுத்தேன்.

“படி” என்றார்.

“படித்துவிட்டேன் சார்” என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை, விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் அறிக்கையின் பிரதியைப் பிரித்தேன். பதினேழாம் எண் எங்குமே இல்லை. இன்னும் நேரம் இருந்தது. ஒரு கடிதம் போதும். ஆனால் அதற்கு முன்பு பிரகன்ஸா சாரின் இருக்கைக்குப் போய், ‘நேற்று நான் படிக்கவில்லை சார்’ என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று தாளை மடித்து உள்ளே வைத்தேன். ஊருக்கு வந்தும் சொல்லவில்லை. அடுத்த முகாமுக்கு முத்துமாரிக்கு மஞ்சள் காமாலை, வரவில்லை. அதற்கடுத்த முகாமில் அவளுக்கு வயது தாண்டியிருந்தது.

ஓய்வு பெற்று ராஜபாளையம் திரும்பி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு பகல் பொழுதில் வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. முத்துமாரி. கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. காவல்துறைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பித்திருக்கிறாள். எழுத்துத் தேர்வு, ஓட்டம் எல்லாம் தேறிவிட்டாள். நாட்டுக்காக ஆடியதற்குச் சான்று கேட்டுக் கூட்டமைப்புக்கு எழுதியதில் பதில் வந்திருக்கிறது: அணியில் இடம்பெற்றார், ஆட்டத்தில் இறங்கவில்லை.

“நீங்கதான மேடம் அன்னைக்குச் சீட்டு எழுதுனீங்க? நான் எறங்குனத நீங்க பாத்தீங்கல்ல? ஒரு வார்த்தை எழுதித் தாங்க. நேரம் கம்மியா இருக்கு.”

ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவளை உட்காரச் சொல்லி நடந்ததைச் சொன்னேன். படிக்காமல் படித்தேன் என்றதையும், பஸ்ஸில் பார்த்ததையும்.

அவள் கோப்பின் பட்டனை அழுத்தி மூடினாள். “அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும்ட்டி.”

“ஆறு வருசமா?”

நான் காபியை அவள் பக்கம் நகர்த்தினேன். எழுந்து போய்விட்டாள். கொடுத்த காபி அப்படியே இருந்தது.

மறுநாள் பஸ் ஏறிச் சேத்தூர் போனேன். வயலில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்திருந்த அவள் அப்பா கருப்பசாமி என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டார். பெரிய மீசைக்காரர். உள்ளே போய்க் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்துவந்து காட்டினார். ‘கருப்பசாமியின் கோலால் இந்தியா வெற்றி.’

“எம்பேருதானம்மா போட்டிருக்கு? பொறவு என்னத்துக்கு இல்லங்காக?”

“அது ஒங்க பேருப்பா. எம்பேரு எங்க இருக்கு?” என்று உள்ளிருந்து முத்துமாரியின் குரல் வந்தது. பிறகு அவளே வெளியே வந்தாள். “மேடம், கடுதாசி எழுதுங்க. நீங்க என்ன செஞ்சீங்களோ அதையே எழுதுங்க. ஆனா மகேஸ்கிட்ட நான் போகமாட்டேன். அந்தக் கோலுக்கு அவளுக்கு மால போட்டப்ப அவ வாயத் தொறக்கல. நீங்கதான் போகணும்.”

மகேஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தாள். பள்ளி வாசலிலேயே ஆளுயர பேனர். ஜெர்சியில் மகேஸ்வரி கையை விரித்து ஓடுகிறாள். கீழே அந்த ஆட்டத்தின் வெற்றிக் கோலை அடித்தவர் என்று எழுதியிருக்கிறது. மைதானத்தில் நாற்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியிருந்தாள். என்னைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தாள். எதற்கு வந்திருக்கிறேன் என்று நான் சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை.

“நான் அடிச்சேன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல மேடம்.”

“அடிக்கலன்னு சொன்னியா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “சொல்லல. ஊருக்கு வந்து எறங்குனதும் மேளத்தோட நிக்காக. எங்கம்மா அழுறா. அங்க வச்சு என்னத்தச் சொல்ல? பொறவு சொல்லுவோம்னு இருந்தேன். நாள் ஆக ஆகச் சொல்ல முடியல.”

என் கதையேதான். நான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்ததை அவளிடம் சொன்னேன்.

“என் வேலைக்கு எதும் ஆகுமா?” என்று கேட்டாள்.

“ஆகாது. நீ ஆடுன ஆட்டமெல்லாம் அப்படியே இருக்கு. இந்த ஒரு கோல் மட்டும் போகும்.”

“பிள்ளைக கேட்கும் மேடம்” என்று வரிசையைக் கையால் காட்டினாள். “நாளைக்குச் சொல்லுதேன்.”

மறுநாள் மாலை அவளிடமிருந்து போனுக்கு ஒரு படம் வந்தது. பேனரில் இருந்த அதே படம், ஆனால் வெட்டாத முழுப்படம். அந்த நாட்டுப் புகைப்படக்காரர் ஒருவர் எடுத்து அனுப்பியது. இடது பக்கம் மகேஸ்வரி கையை விரித்து ஓடுகிறாள். வலது பக்கம் புல்லில் மண்டியிட்டிருப்பவளின் முதுகு தெரிகிறது: கருப்பசாமி, 7. ஓடுகிறவளின் மார்பிலும் 7. ஒரே படத்தில் இரண்டு ஏழு. பெரிதாக்கிப் பார்த்தால் மண்டியிட்டவளின் ஏழுக்கு முன்னால், பிய்ந்துபோன ‘1’ இருந்த இடத்தில் பசைத் தடம் தெரிந்தது.

பின்னாலேயே போன் அடித்தாள். “கோல் அடிச்சது முத்துமாரின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். பாஸ் குடுத்தது நான்னு அதுலயே ஒரு வரி சேத்துக்கிடலாமா மேடம்? அது நெசந்தான?”

“நெசந்தான். தாராளமா எழுது” என்றேன்.

இனி பிரகன்ஸா சார். எழுபதைத் தாண்டியவர், கோவாவில் மகன் வீட்டில் இருந்தார். போனில் விஷயத்தைச் சொல்லி, கடிதத்தை அனுப்புகிறேன், கையெழுத்து வேண்டும் என்றேன்.  “படி” என்றார்.

வாசித்தேன். ‘ஆட்ட அறிக்கையைச் சரிபார்க்கையில் நேர்ந்த கவனக்குறைவால்’ என்ற இடம் வந்ததும் நிறுத்தினார்.

“யாருடைய கவனக்குறைவு?”

“என்னுடையது சார்.”

“அதை எழுது. படித்துவிட்டேன் என்று என்னிடம் சொன்னாய். அதையும் எழுது.”

எழுதினேன்.  மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“இன்னும் ஒரு வரி இருக்கிறது, லட்சுமி. அன்று உன் முகத்தைப் பார்த்தேன். நீ படிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் ஆம்புலன்ஸுக்குப் போகிற அவசரம். தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துக்கு மேலே அதை எழுது.”

வேண்டாம் சார் என்று சொல்லிப் பார்த்தேன். எழுதாத தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டார்.

இரண்டு கடிதம், ஒரு படம். கூட்டமைப்புக்கு அனுப்பினேன். கையெழுத்திட்ட அறிக்கையே இறுதியானது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. நான் மறுபடி எழுதினேன். திங்கள்கிழமைதோறும் எழுதினேன். எழுதிய மறுநாள் போன் செய்தேன். “கடிதம் வந்திருக்கிறது மேடம்” என்பார்கள். “படித்தீர்களா?” என்று கேட்பேன். ஒருமுறை ஓர் அதிகாரி, “இத்தனை வருஷம் கழித்து ஒரு கோலுக்கு இவ்வளவா?” என்றார். கோல் யார் பெயரில் வேண்டுமானாலும் இருக்கட்டும், அந்தப் பிள்ளை மைதானத்தில் கால் வைத்தாள் என்று மட்டுமாவது எழுதுங்கள் என்றேன். கடைசியில் நானே ரயில் ஏறித் தில்லிக்குப் போய் அவர்கள் வராண்டாவில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். போட்டி நடத்திய நாட்டுக்கு எழுதிக் கேட்டார்கள். நடுவரின் கைக்குறிப்பு அங்கே பத்திரமாக இருந்திருக்கிறது. அதில் பதினேழு உள்ளே என்று இருந்தது. பதிவைத் திருத்தினார்கள். அந்த ஆட்டத்துக்கு நேரே அந்த ஒரு சொல் ஏறியது அப்படித்தான்.

திருத்திய சான்று கைக்கு வந்தபோது அந்த வருஷத்துத் தேர்வுப் பட்டியல் வெளியாகிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அவள் பெயர் அதில் இல்லை. சான்றை எடுத்துக்கொண்டு சேத்தூர் போனேன். திட்டுவாள் என்றுதான் போனேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். “அடுத்து எப்ப ஆள் எடுப்பாகன்னு பாத்துச் சொல்லுங்க மேடம். எனக்கு இன்னும் வயசு இருக்கு.”

அடுத்த வாரத்திலிருந்து காலை ஐந்தரைக்கெல்லாம் ஸ்கூட்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளி மைதானத்துக்குப் போகத் தொடங்கினாள். சாவி மகேஸ்வரியிடம். முதல் சில நாள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லையாம். ஒருத்தி கேட்டைத் திறந்துவிடுவாள், மற்றவள் ஓடுவாள். பத்தாவது நாளோ என்னவோ, நேரம் குறித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று முத்துமாரியே கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். “சுத்துக்கு மூணு செகண்டு கூட எடுத்துக்கிடுதா மேடம். சொன்னா மூஞ்சியத் தூக்குதா” என்று மகேஸ்வரி எனக்குப் போனில் புகார் சொன்னாள். வாசல் பேனரைக் கழற்றிவிட்டார்கள். பிள்ளைகளிடம் அவளே நின்று சொன்னாளாம். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஆள்சேர்ப்புக்கு ஒன்றே முக்கால் வருஷம் காத்திருந்தோம். மறுபடி எழுத்து, மறுபடி ஓட்டம். சான்றிதழ் சரிபார்ப்பு விருதுநகரில். நானும் கூடப் போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவள் கோப்பில் இருந்த அத்தனை தாளையும் ஒன்று விடாமல் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனாள். கால் மணி நேரம் ஆயிற்று. எனக்குத் தண்ணீர் குடிக்கக்கூடத் தோன்றவில்லை.

வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“என்னட்டி கேட்டாக?”

“நாட்டுக்காக எத்தன நிமிசம் ஆடுனன்னு கேட்டாக.”

“என்ன சொன்ன?”

“பதினோரு நிமிசம்னேன்.”

“அதுக்கு?”

“அம்புட்டுத்தானான்னாரு. அம்புட்டுத்தான் சார்னேன். சரின்னு சீல் வச்சுட்டாரு.” கோப்பை என் கையில் கொடுத்துவிட்டுத் தலைமுடியை அவிழ்த்து இறுக்கி முடிந்துகொண்டாள். “பசிக்குது மேடம். வாங்க, பொரிச்ச பரோட்டா திங்கப் போவோம்.”